கணக்கு டீச்சரைக் கேட்டு நான் வைத்த நேர்த்தி

இதை எழுதச் சொல்லி மகள் பல வருடமாகக் கேட்கிறாள். எனக்குப் பயம். அம்மன் எனக்குத் தந்ததைச் சொன்னால், இன்னொருத்தி இழந்ததற்கு நன்றி சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்ற பயம். இந்த 2001ஆம் ஆண்டிலும் அது முழுதாகப் போகவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நாங்கள் மலையகத்திலிருந்து வன்னியிலுள்ள அக்கராயனுக்கு வந்து குடியேறியவர்கள். எனக்கும் கணவருக்கும் வயற்கூலி. நான் ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தூக்கியவள். மகள் செல்வி அப்படி ஆகக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். ஆனால் அவள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்க ஆளில்லை. அவளுக்கு முன் சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் கணக்கில் தவறிவிட்டார்கள். கணக்கில் தவறினால் மேலே படிக்க முடியாது. பிறகு வயல்தான்.

1995 ஆவணியில் குளக்கட்டு மாரியம்மன் முன் விழுந்து அழுதேன். "தாயே, நகை கேக்கல, காணி கேக்கல. ஒரு கணக்கு டீச்சரை அனுப்பு. புது அரிசியில பொங்க வைக்கிறேன்."

கார்த்திகையில் யாழ்ப்பாணத்துச் சனம் சண்டையால் இடம்பெயர்ந்து வன்னிக்குள் வந்தது. கடும் மழை. எங்கள் வேலியோரம் ஒரு பெண், நடக்க முடியாத தகப்பனைப் பிடித்தபடி, நனைந்த பையோடு நின்றார். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. நான் யோசித்துக்கொண்டு நிற்க, கணவர் மாட்டை அவிழ்த்து வெளியே கட்டினார். நான் கொட்டிலைக் கூட்டிக் காய்ந்த வைக்கோல் பரப்பினேன். "உள்ள வாங்க" என்றேன்.

மறுநாள் அந்தப் பையை வெயிலில் விரித்தோம். உடுப்பு கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பிள்ளைகள் எழுதிய கணக்குத் தாள்கள்.

"திருத்தி முடிக்கேல்லை அக்கா. விட்டிட்டு வர மனம் வரேல்லை" என்றார்.

நான் கேட்ட கணக்கு டீச்சர்தான் எங்கள் கொட்டிலில் இருந்தார்.

களை பிடுங்கும் காலம் வந்தது. செல்வியின் கூலியை இழக்க எங்களால் முடியாது. அதனால் டீச்சர் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வயலுக்கே வந்து வரம்பில் உட்கார்ந்தார். செல்வி அவர் பக்கத்தில். அவள் களை பிடுங்க வேண்டிய நிரையையும் சேர்த்து நான் பிடுங்கினேன். கூட வேலை செய்த ராசம்மா சும்மா விடவில்லை. "புல்லு புடுங்குறதுக்கு எதுக்குடி கணக்கு? எண்ணி எண்ணிப் புடுங்கப் போறாளா?"

டீச்சர் சிரித்தார். "நீங்கள் ஒரு நிரை முடிக்க முதல் இவள் ஒரு கணக்கு முடிக்கோணும். பாப்பம், ஆர் வெல்லுறதெண்டு."

அன்றைக்கு ராசம்மாதான் வென்றாள். போகப் போகச் செல்வி முந்தினாள். பிறகு எனக்கு முதுகு பிடித்த நாட்களில் செல்வியின் நிரையைக் கேட்காமலே எடுத்துக்கொண்டவளும் அந்த ராசம்மாதான்.

அறுவடை முடிந்து புது அரிசிப் பானையைத் தூக்கும்போது டீச்சர் கேட்டார், "என்ன நேர்த்தி அக்கா?"

பானையைக் கீழே இறக்கினேன். சொன்னேன். "நான் கேட்டதாலதான் அம்மன் உங்கள வீட்டை விட்டுக் கெளப்பினாளா டீச்சர்?" என்று அழுதேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை அனுப்பிறதெண்டால் அம்மனுக்கு ஒரு பஸ்ஸிலை ஏத்திவிடத் தெரியாதோ அக்கா? எங்களை ஊரை விட்டுக் கலைச்சது மனிசர். 'உள்ள வாங்க' எண்டு கூப்பிட்டதுதான் அம்மன்."

பிறகு அவரும் அழுதார். "நான் படிப்பிச்ச பிள்ளையள் எங்கை நிக்கினமோ தெரியாது. செல்விக்குச் சொல்லிக் குடுக்கேக்கை, அதுகளுக்கும் எங்கையோ ஆரோ சொல்லிக் குடுக்கினம் எண்டு நினைக்கிறன்."

இரண்டு பேரும் சேர்ந்துதான் பொங்கினோம்.

1996 மார்கழியில், ஷெல் சத்தத்துக்கு நடுவில், செல்வி பரீட்சை எழுதினாள். கணக்கில் நல்ல புள்ளியோடு திறமைச் சித்தி. இன்று அதே பள்ளிக்கூடத்தில் தொண்டராசிரியையாகக் கணக்குப் படிப்பிக்கிறாள். டீச்சர் பிறகு தகப்பனோடு வவுனியாவுக்குப் போய்விட்டார். அந்தத் தாள்களையெல்லாம் திருத்தி முடித்துத் தன்னோடு கொண்டுபோனார்.

பிள்ளையின் படிப்புக்காக ஏங்குகிற தாய் தகப்பன்மாரே, அம்மனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு வேலிப் பக்கமும் பாருங்கள். யார் நனைந்துகொண்டு நிற்கிறார்கள் என்று தெரியாது.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஒரு பிள்ளையின் கணக்குக்காக அம்மன் ஊர்ச்சனத்தையே வீட்டை விட்டுக் கிளப்பினாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மழையில் நின்றவரை உள்ளே கூப்பிட எங்களுக்கு மனம் தந்தாள் என்று சொல்லுங்கள். நடந்தது அதுதான்.