பனிக்கரைப் படத்துக்குக் கதை சொன்னேன்

ஊமைப் படத்துக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வதைப் போலப் பாவப்பட்ட உத்தியோகம் வேறு கிடையாது. படம் நன்றாயிருந்தால் பெயர் படத்துக்கு, மோசமாயிருந்தால் ஏச்சு நமக்கு. வாயை வைத்துப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் என் வயிற்றெரிச்சல் அவர்களுக்குப் புரியும்.

எனக்கு அது மூன்றாவது வேலை. முதல் இரண்டும் போனவுடன் ஸ்ரீரங்கத்து மாமனார் வந்து என் மனைவி கோமளத்தைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். "ஒரு வேலையில நிலைச்சு இருங்கோ, தை பிறந்ததும் கொண்டுவந்து விடறேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் திருச்சிக் கோட்டைப் பக்கம் போட்டிருந்த டெண்ட் கொட்டகையை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். மார்கழி பிறந்ததும் முதலாளி எங்கிருந்தோ அந்தப் படத்தைக் கொண்டுவந்து சேர்த்தார்.

சண்டை இல்லாத படம்

வட துருவத்துப் பக்கம் ஒரு கடற்கரை. எங்கே பார்த்தாலும் பனி. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், தோல் சட்டையோடு நாய் இழுக்கும் வண்டியில் வந்து இறங்கி, ஒரு பாறை ஓரமாக உட்கார்ந்து கடல் பிராணிகளை வேடிக்கை பார்க்கிறார்கள். சீல்கள் வருகின்றன, படுக்கின்றன. பறவைகள் பறக்கின்றன. முக்கால் மணி நேரமும் இதேதான்.

தூரத்தில் ஒரு வெள்ளைக் கரடி தென்பட்டதும், "இதோ வருகிறான் வில்லன்!" என்று கத்திப் பார்த்தேன். கரடி கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை முடிந்து நேராகச் சைக்கிளில் வந்திருந்த ஒருவர் எழுந்து நின்று கேட்டார்: "ஏன் சாமி, முக்கொம்புக்குப் போனா முதலையை நான் சும்மாவே பாத்துட்டு வருவேனே, இதுக்கு எதுக்குங்க டிக்கெட்டு?"

தந்தம் வைத்த பிராணி

படத்தில் வால்ரஸ் என்று ஒன்று வரும். மலைபோல் உடம்பு, முரட்டு மீசை, இரண்டு தந்தம். "கடல் யானை!" என்றேன். கூட்டம் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கும் உற்சாகம் வந்து, அது விடிந்ததும் குளிக்கும், கவளம் கவளமாகச் சாப்பிடும் என்றெல்லாம் அளக்க ஆரம்பித்தேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் நிஜமாகவே யானைப்பாகர். அது எனக்கு எப்படித் தெரியும்? திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று அதை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை, கவலைதான் இருந்தது. "தும்பிக்கையும் இல்லே, காலும் இல்லே. இந்த யானைக்கு என்ன சீக்குன்னு யாராச்சும் விசாரிச்சீங்களா?" என்றார்.

திருப்பாற்கடல்

மூன்றாம் நாள் பாதிக் கொட்டகை காலி. "நாளைக்கும் ஜனம் எழுந்து போச்சுன்னா, நீங்களும் அவங்களோடவே போயிடுங்க" என்றார் முதலாளி. மறுநாள் சாயங்காலம் முதல் வரிசை எழுந்திருக்கத் தொடங்கியது. வெள்ளை வெளேரென்று திரையில் தெரிந்த கடலைப் பிரம்பால் காட்டி, "பக்தர்களே, இதுதான் திருப்பாற்கடல்!" என்று சொல்லிவிட்டேன். எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள்.

அடுத்த நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து காவேரிப் பாலத்தைத் தாண்டி மாட்டு வண்டிகள் வரிசையாக வந்தன. கொட்டகை வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். சீல் தலையைத் தூக்கிய போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தட்டில் பழமும் துளசியும் வைத்துக்கொண்டு வந்திருந்த ஒரு மாமி பயபக்தியோடு கேட்டாள்: "ஸ்வாமி, பெருமாள் எந்தப் பக்கம் சேவை சாதிப்பார்? நாங்க அங்கே போய் உட்கார்ந்துக்கறோம்."

மாமனார் வந்த அன்று

பெருமாள் இன்று யோக நித்திரையில் இருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியே நாலு நாள் ஓட்டினேன். முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்கோ ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் ஆண்கள் பக்கம் மாமனார் உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் கோமளம். அவளைப் பார்த்து இரண்டு மாதமாகியிருந்தது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள், அவள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதிப் படத்தில் மாமனார் எழுந்தார். "மாப்பிள்ளை, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதுல பெருமாள் இருக்காரா, இல்லையா?" இருக்கிறார் என்று சொன்னால் வேலை நிலைக்கும், அவளும் வருவாள். ஆனால் அவள் முகத்துக்கு நேரே அந்தப் பொய்யைச் சொல்ல என் நாக்கு எழவில்லை. "இல்லை. வடக்கே எங்கேயோ இருக்கும் பனிக்கரை இது. நான் சொன்னது பொய்" என்றேன்.

வாயில் வந்தபடி என்னைத் திட்டிக்கொண்டே ஜனம் செருப்பைத் தேடப் போயிற்று. முதலாளி என் கையிலிருந்த பிரம்பை வாங்கிக்கொண்டார். "நிஜத்தைச் சொன்னேள், ரொம்ப சந்தோஷம். வேற வேலை கிடைச்சதும் சொல்லி அனுப்புங்கோ" என்று மாமனார் வண்டியில் ஏறினார். கோமளம் வண்டிப் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "அந்தப் பனியிலயும் அவா நாலு பேரும் ஒண்ணா உட்கார்ந்திருந்தாளே, நான் அதைத்தான் பார்த்தேன்."

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, படம் ஊமையாக இருந்தால் பக்கத்தில் நிற்பவனும் ஊமையாக இருப்பதுதான் குடித்தனத்துக்கு நல்லது என்பதே.