அனந்தி இடித்த சுவர்

மாவு மில் மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள் அனந்தி. சாதாரணமாகப் பேசினாலே தெருவுக்குச் சண்டை மாதிரிக் கேட்கும். கணவர் சீதளநாதனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு மூட்டை தூக்க முடியாமல் போனதிலிருந்து, செஞ்சியில் மலையடித் தெருவிலிருந்த அந்த மில்லை அவள்தான் ஓட்டினாள். முன்பக்கம் மில், பின்பக்கம் வீடு.

மலைப்பாறையில் விழுகிற மழை அங்கே நிற்காது. விழுந்த வேகத்தில் கீழே இறங்கிவிடும். அனந்தியின் கொல்லையைத் தாண்டி, பக்கத்துக் காலிமனை வாய்க்காலில் விழுந்து ஏரிக்குப் போகும். அந்த மனையைச் செங்கல் வியாபாரி பாண்டுரங்கன் வாங்கி வீடு கட்டினான். காம்பவுண்டுச் சுவர் எழும்பும்போதே அனந்தி சொன்னாள்: "தம்பி, தண்ணி போறதுக்கு அடியில வழி உடு."

"பாத்துக்கலாம்மா" என்றான். வழி விடாமலே சுவரை முடித்துப் பூசியும் விட்டான்.

ஐப்பசியில் முதல் பெரிய மழை பெய்தது. சுவரில் முட்டிய தண்ணீர் திரும்பி அனந்தியின் சமையலறைக்குள் வந்தது. மாலைச் சமையல் அடுப்போடு நனைந்தது. மில் மோட்டாரும் நின்றுபோனது. ஜைனர்கள் அவர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடும் வழக்கமில்லை. தண்ணீரை வாரி ஊற்றி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. சீதளநாதன் வெறும் வயிற்றோடு படுத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

விடிந்ததும் பாண்டுரங்கன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உங்க சாக்கடைய எங்க வாசல்ல உடச் சொல்றீங்களா?" என்றான் அவன்.

"சாக்கடை தெருவுக்குப் போவுது. இது மழைத்தண்ணி. உன் சுவுரு வர்றதுக்கு முன்ன இந்தப் பக்கமாத்தான் போயிக்கினு இருந்துது."

"வீட்ட ஒசத்திக் கட்டுங்க. முடியலன்னா வித்துடுங்க, நானே வாங்கிக்கிறேன்."

"நான் ஏன்டா விக்கணும்?" என்று அவள் கேட்டது தெருமுனைவரை கேட்டது.

பேரூராட்சி ஆபீஸ், தாலுகா ஆபீஸ் என்று சொல்ல வேண்டிய இடங்களில் எல்லாம் சொன்னாள். வந்து பார்த்தவர்கள், பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். மறுபடி வானம் கறுத்தபோது கடப்பாரையை எடுத்தாள்.

"பகை வேணாம் அனந்தி. அதுவும் ஹிம்சைதான்" என்றார் சீதளநாதன்.

"சுவுத்துக்கு உசுரு இருக்குதா இன்னா?"

பட்டப்பகலில், கொட்டுகிற மழையில், தெருவே பார்க்கச் சுவரின் அடியில் குத்தினாள். செங்கற்கள் பெயர்ந்ததும் தண்ணீர் அந்தப் பக்கம் பாய்ந்தது. பாண்டுரங்கன் போலீஸைக் கூப்பிட்டான். யார் இடித்தது என்று அவர்கள் கேட்டு முடிக்குமுன்னே, "நான்தான்" என்றாள். இனி இடிக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

"அடச்சா இடிப்பேன் சார். அத வேணும்னா எழுதித் தரேன்."

போலீஸ் எச்சரித்துவிட்டுப் போனது. மழை விட்டதும் பாண்டுரங்கன் ஓட்டையைச் சிமெண்ட் போட்டு அடைத்தான்.

கார்த்திகையில் விடாமல் பெய்த ஒரு காலையில் அவன் ஊரில் இல்லை. அனந்தியின் கொல்லையில் தண்ணீர் இடுப்பளவு தேங்கி நின்றது. அனந்தி கடப்பாரையோடு இறங்கியபோது, சுவருக்கு அப்பாலிருந்து அவன் மனைவி கலைவாணியின் குரல் கேட்டது.

"அக்கா! சுவுரு எங்க பக்கம் சாயுதுக்கா. சீக்கிரம் இடிங்க!"

"நீ எட்டப் போ! பசங்கள உள்ள கூட்டிக்கினு போ!"

பாண்டுரங்கன் அடைத்த இடத்திலேயே குத்தினாள். தண்ணீர் பீறிட்டுக்கொண்டு கலைவாணியின் வாசல் வழியே ஓடியது. சாய்ந்த சுவர் விழாமல் நின்றது.

ஊர் திரும்பிய பாண்டுரங்கன் சுவரின் சாய்வை வெகுநேரம் பார்த்தான். பிறகு கொத்தனாரை வரவழைத்து அந்தப் பகுதியைப் பிரித்துக் கட்டினான். அடியில் அகலமான சிமெண்ட் குழாய் வைக்கச் சொன்னான். ஆனால் குழாய் தரையிலிருந்து ஒரு சாண் மேலே இருந்தது. அனந்தி வேலைக்கு நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"கீழ எறக்கு. ஒரு சாண் தண்ணி எங்க கொல்லையில நிக்கவா?"

கொத்தனார் பாண்டுரங்கனைப் பார்த்தார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எறக்கி வையி" என்றான்.

இன்றுவரை அவன் அவளோடு பேசுவதில்லை. கோதுமை அரைக்கக் கலைவாணிதான் வருகிறாள். மழை பிடித்தால் போதும், அனந்தி மில்லை நிறுத்திவிட்டுக் கொல்லைக்குப் போய்க் குழாய் வாயில் அடைந்த சருகை இரண்டு கையாலும் வாரிப் போடுகிறாள்.