போன வாரத்து ஸ்லைடு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருடம் தள்ளிப்போட்டேன். சுவாமிக்கு விளக்கேற்றிவிட்டுப் பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன். எட்டாவது வரைதான் படித்தவள் நான். ஆனால் கூச்சம் அதனால் இல்லை. எழுதினால் கூட வேலை பார்த்த தோழியைக் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடுமே என்றுதான்.

சேலையூரில் ரத்தமும் சதையும் பரிசோதிக்கும் ஒரு கூடத்தில், ஸ்லைடு என்கிற சின்னக் கண்ணாடித் தகடுகளில் எண் எழுதி அடுக்குவது என் வேலை. அவள் அங்கே டெக்னீஷியன். மதியம் ஒரே டப்பாவில் சாப்பிடுவோம். சுவாதி நட்சத்திரத்தன்று சேர்ந்து ரயிலேறி சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போவோம். கொண்டுவந்த துளசியை நான் மிஷின் மேல் வைத்தால் சிரிப்பாள்.

"அக்கா, ரிப்போர்ட்ல பெருமாள் வந்துட்டா டாக்டர் என்னைத்தான் திட்டுவாரு."

எனக்கே மார்பில் கட்டி வந்தது. அறுத்தெடுத்த சதையில் ஈ.ஆர். சோதனை செய்ய வேண்டும் என்றார்கள். பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம் செல்லின் கருவுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது அது. ஆன்டிபாடி என்கிற மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டால், அது அந்தப் புரதத்தைத் தேடிப் போய் ஒட்டும். ஒட்டிய இடம் பழுப்பாகும். பழுப்பு வந்தால் தினம் ஒரு மாத்திரை உண்டு, நோய் திரும்பாமலிருக்க. வராவிட்டால் அந்த மாத்திரை கிடையாது. மருந்து கெடாமல் இருக்கிறதா என்று அறிய, கட்டாயம் பழுப்பாகும் வேறொரு சதையையும் கூடவே வைப்பார்கள். அதுதான் கண்ட்ரோல் ஸ்லைடு. அது பழுப்பாகாவிட்டால் அன்றைய சோதனையே செல்லாது.

"கவலைப்படாதீங்கக்கா, உங்களோடதை நானே போடுறேன்" என்றாள்.

எனக்குப் பழுப்பு வரவில்லை. பெருமாள் விட்ட வழி என்று ஏற்றுக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்து நான் காட்டப்போன வேறொரு டாக்டர் என் பழைய ஸ்லைடுகளைக் கேட்டார். என் ட்ரேயை எடுத்தேன். கண்ட்ரோல் ஸ்லைடின் ஓரத்தில் பென்சில் எண் அழிக்கப்பட்டு, மேலே வேறு எண். அடியில் தெரிந்தது என் கையால் எழுதிய முந்தின வாரத்து எண். அந்த வாரத்து ட்ரேயைத் திறந்தேன். கண்ட்ரோல் இருக்க வேண்டிய இடம் காலி.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை பூரா கரண்ட் இல்லக்கா. ஃபிரிட்ஜ்ல மருந்து கெட்டுப்போச்சு. அன்னிக்கு கண்ட்ரோலே கலர் வரல. டாக்டர் கத்துவாருன்னு, கலர் வந்திருந்த போன வாரத்து ஸ்லைடை வச்சுட்டேன்."

"என்னோடதுன்னு தெரிஞ்சுமா?"

"உங்களோடதுன்னுதான் தைரியம் வந்துச்சு. தெரிஞ்சாலும் நீங்க மன்னிச்சுடுவீங்கன்னு நெனச்சேன்."

கட்டியைவிட அந்தச் சொல் வலித்தது.

இரண்டு நாள் நானும் வாய் திறக்கவில்லை. அந்த ட்ரேயில் இன்னும் இரண்டு பெண்களின் ஸ்லைடுகள் இருந்தன. அவர்கள் நினைவு வந்ததும் சுவாமி முன் உட்கார முடியவில்லை. மூன்றாம் நாள் எங்கள் கூடத்து டாக்டரிடம் சொன்னேன். புது மருந்தில் மூன்றையும் திரும்பப் போட்டார்கள். என்னுடையது நல்ல பழுப்பு. இன்னொருத்திக்கும் பழுப்பு. அன்று முதல் மாத்திரை சாப்பிடுகிறேன். போன எட்டு மாதம் என்ன செய்திருக்கும் என்பது பெருமாளுக்குத்தான் தெரியும்.

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் அவளை ராட்சசி ஆக்காதீர்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்த இரண்டு நாளை விட்டுவிடாதீர்கள். நல்லதாகத் தெரிய வேண்டும் என்று ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்ததால் வந்த வினை இது. இருந்தது இருந்தபடியே சொல்லுங்கள்.