அருளப்பன் மாற்றித் தைத்த நாவல்

போனில் செய்தி வந்தபோது வார இதழ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "அங்கிள், அப்பா காலைல போய்ட்டாரு," என்றாள் அருளப்பனின் மகள். பிறகு, "தொடர்கதையில இந்த வாரம் இன்னா ஆச்சுன்னு உங்கள கேக்கச் சொல்லிகினே இருந்தாரு," என்றாள். அழ வேண்டிய நேரத்தில் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

செங்கல்பட்டிலிருந்து புதுப்பட்டினத்துக்கு எங்களோடு அலுவலகப் பேருந்தில் வந்தவர்களுக்கு எலக்ட்ரீஷியன் அருளப்பனைத் தெரியும். வெள்ளிக்கிழமை வார இதழ் வாங்கியதும் டெஸ்டரால் பின்னை நெம்பி, தாள்தாளாகப் பிரித்து, இருக்கைக்கு இருக்கை அனுப்புவார். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் ஒரே இதழைப் பத்துப் பேர் படித்திருப்போம். ஜோக் பக்கத்தை ஒருவர் பிடித்து வைத்துக்கொண்டால், "இன்னா அண்ணாத்த, மனப்பாடம் பண்றியா? பின்னால தள்ளு" என்பார். இறங்குவதற்குள் எல்லாத் தாளும் அவரிடம் திரும்பிவிடும். தொடர்கதைத் தாள்களை மட்டும் சேர்த்துவைத்து, கதை முடிந்ததும் ஓரம் வெட்டித் தைத்து, காலண்டர் அட்டை போடுவார்.

நான் தமிழ் எம்.ஏ.; அருளப்பன் வாயில் 'எம்மே'. அலுவலகத்தில் அதற்கு ஒரு மரியாதையும் கிடையாது. அந்த எரிச்சலில் இருந்த நாளில் அவர் தைத்த நாவல் ஒன்றை வாங்கிப் படித்தேன். கடலில் மூழ்கி இறந்த படகோட்டி, அடுத்த அத்தியாயத்தில் பெண் பார்க்கப் போகிறான். அசந்துபோனேன். காலத்தைக் கலைத்துப்போட்ட துணிச்சல் என்று ஒரு சிறுபத்திரிகையில் ஆறு பக்கம் எழுதினேன். நாவலாசிரியரே பதில் எழுதினார்: தான் அப்படி எழுதவில்லை, கட்டுரையாளர் படித்தது எந்தப் பிரதி? அந்தக் கடிதத்தை அச்சிட்ட பத்திரிகை ஆசிரியரை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

ஓரம் வெட்டியபோது அத்தியாய எண்கள் போய்விட, அருளப்பன் தாள்களை வரிசை மாற்றித் தைத்திருந்தார். "தச்சது என் தப்புதான். செத்தவன் பொண்ணு பாக்கப் போறானேன்னு உனக்கு ஒரு டவுட்டு கூட வர்லியா எம்மே?" என்றார். பேருந்தே சிரித்தது. அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். எழுதுவதையும் நிறுத்தினேன். ஏழு வருடம், அவர் அனுப்பிய தாள்களைப் பார்க்காமலே பின்னால் தள்ளினேன்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு சனிக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சர்க்கரையால் பார்வை மங்கியிருந்தது. கையில் அதே நாவல்.

"கண்ணு தெரில. படிச்சிக் காட்டு."

"உங்க பொண்ணு இல்லையா?"

"அது படிச்சா நியூஸ் வாசிக்கிற மாதிரி கீது."

"பிரிச்சு ஒழுங்கா தைச்சு எடுத்துட்டு வாங்க, படிக்கிறேன்."

"வேணாம். உன் கட்டுரைய வச்சிகினு நானும் இத திரும்பப் படிச்சேன். செத்தவன் வந்து நின்னா நல்லாத்தான் கீது. அத அன்னிக்கே சொல்லாம சிரிச்சிட்டேன்."

அந்த ஆறு பக்கத்தையும் முழுதாகப் படித்த வேறு ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை. உள்ளே வரச் சொன்னேன்.

அதன்பின் நான்கு வருடம், சனிக்கிழமைதோறும் படித்தேன். நாவல் முடிந்ததும் வார இதழ்கள். நன்றாக இருந்தால், நான் மூச்சு வாங்கக்கூட விடமாட்டார்: "நிறுத்தாத, மேல போ." சலித்தால் டீ கேட்பார்.

இப்போது மறுபடி எழுதுகிறேன். எழுதிய ஒவ்வொரு பத்தியையும் வாய்விட்டுப் படித்து, எந்த இடத்தில் அவர் டீ கேட்டிருப்பார் என்று யோசித்து, அங்கே அடித்துவிடுகிறேன். அருளப்பனின் காது என்னிடம் இருக்கிறது. அதை நான் யாருக்கும் தருவதாக இல்லை.