அம்மா பிறந்த தோட்டத்தைத் தவறான பெயரில் தேடினேன்

பாரிஸ் அருகே எபினேயில் எங்களோடு இருந்த அம்மாவுக்கு, யாழ்ப்பாணத்தில் தான் பிறந்த தோட்டத்தை ஒருமுறை பார்க்க ஆசை. போர் முடிந்தபோது பயணம் செய்ய உடம்பு விடவில்லை. நான் சும்மா இருப்பேனா? துப்பறியும் சிங்கம்போல அம்மப்பாவின் பெயரில் பழைய காணி உறுதிப் பத்திரங்களைத் தேடி எடுப்பித்து, அந்த இடத்தின் செயற்கைக்கோள் படத்தைக் காட்டினேன்.

"இது இல்லையடா. எங்கடை கிணறு வடக்குப் பக்கம்."

"உங்களுக்குத்தான் மறதி அம்மா, உறுதிக்கு மறதி வராது" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த மாரிக் குளிரில் காலமானார்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாமான் வாங்க, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் போனபோது, எங்கள் ஊர்க் கடைக்கார அண்ணையிடம் இதைச் சொன்னேன்.

"அது உன்ரை அம்மம்மான்ரை சீதனக் காணியெல்லே! பிறகேன் அம்மப்பான்ரை பேரிலை தேடினனீ, விசரா?"

எங்கள் பக்கம் காணி பெண்கள் வழியாக இறங்கும். சீதன வீடு வாங்கிக் கலியாணம் கட்டிய எனக்கே அது தோன்றவில்லை! அம்மம்மாவின் பெயரில் தேடினேன். தோட்டம் கிடைத்தது. கிணறு வடக்கில்தான் இருந்தது.

இப்போது எங்கள் ஊரவர்களும் தங்கள் காணியைத் தேடித் தரக் கேட்கிறார்கள். யாருக்குத் தேடினாலும் அந்த வீட்டுப் பெண்களின் பெயரில்தான் தொடங்குகிறேன். அவர்கள் "இது இல்லை" என்றால் சிரிப்பதில்லை, மறுபடி தேடுகிறேன். அம்மாவின் தோட்டப் படத்தை அச்சிட்டு வைத்திருக்கிறேன். "ஓம், இதுதான்" என்று சொல்லத்தான் ஆளில்லை.