யாரும் தொடவில்லை என்று மென்பொருள் கழித்த புத்தகம்

எங்கள் திருமங்கலம் வாசகசாலைக்குப் புது மென்பொருள் வாங்க கமிட்டி முடிவு செய்துவிட்டது; செயலாளர் என்ற முறையில் என் கையெழுத்துதான் பாக்கி. புத்தகத்தைத் தேடிக் கொடுப்பதோடு நிற்காதாம். யாருக்கு எது பிடிக்கும், எதைக் கழித்துப் பழைய பேப்பருக்குப் போடலாம் என்பதையும் அதுவே சொல்லுமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாங்கியவர்களை நேரில் பார்த்துவிடலாம் என்று போன சனிக்கிழமை கிளம்பினேன்.

காலை 7.10 பேருந்து. ராஜபாளையம் 65 கி.மீ., ஒன்றே முக்கால் மணி நேரம், 60 ரூபாய். வலப்பக்கம் உட்காருங்கள், வெயில் படாது, கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மலையும் தெரியும்.

அங்கே ஒரு தனியார் நூலகம். மேலாளர் உற்சாகமாகத் திரையைத் திருப்பினார்.

“நீங்க வாயே தொறக்க வேண்டாம் சார். அம்புட்டையும் இதுவே சொல்லிரும்.”

ஒரு பெண்மணி வருடம் முழுக்க என்ன படித்தார் என்று வரிசையாக வந்தது. சர்க்கரை நோய், விவாகரத்துச் சட்டம். இதெல்லாம் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். “எனக்கு மட்டுந்தான் சார்” என்றார், என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே. எரிச்சலாக இருந்தது.

அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் 12 கி.மீ., 15 ரூபாய். ஆட்டோக்காரர் எண்பது கேட்டு அறுபதுக்கு இறங்கினார். (பால்கோவா பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.) அங்கிருந்த நூலகத்திலும் அதே மென்பொருள். நூலகர் ஸ்டெல்லா, அது கழிக்கச் சொன்ன 38 புத்தகங்களைக் கட்டி வைத்திருந்தார். இரண்டு வருடமாக யாரும் எடுக்காதவையாம். ஒரு கட்டைப் பிரித்தேன். மேலே போலீஸ் எஸ்.ஐ. தேர்வுக் கையேடு, ஓரமெல்லாம் விரல் அழுக்கு, உள்ளே நாலு கையெழுத்தில் பென்சில் குறிப்பு.

மேசையில் படித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து ஓடி வந்தார். வன்னியம்பட்டி முத்துராஜ். “அக்கா, அது நாங்க படிக்கிற புக்கு!”

“யாரும் எடுக்கலன்னு காட்டுதே.”

“வீட்டுக்கு எடுத்தா ஒருத்தன்தான் படிக்க முடியும். அதான் பேர்ல பதியாம இங்ஙனயே படிச்சிட்டு வச்சிருவோம். எங்க நாலு பேருக்குள்ள பேச்சு அது.”

“நான் வந்து ஆறு மாசந்தான் சார். எடுத்த எடத்துலயே வச்சிருதாங்க, எனக்கு எங்க தெரியும்?” என்றார் ஸ்டெல்லா.

முத்துராஜின் முகம் மாறியது. “அப்போ நாலு மாசம் முன்னால காணாமப் போன சட்டப் புக்கு?”

ஸ்டெல்லா அப்போது கழித்த புத்தகங்களின் பட்டியலைத் திறந்தார். முதல் வரியிலேயே இருந்தது.

“எங்க நாலு பேர்ல செல்வம்தான் தூக்கிட்டுப் போயிட்டான்னு வெளிய டீக்கடையில எல்லார் முன்னாலயும் அவன் பையைக் கொட்டிப் பார்த்தேன்க்கா. புக்கு இல்ல. அப்பவும் நம்பல. அன்னையோட அவன் இங்க வரல. பரீட்சையும் வேணாம்னுட்டான்.”

ஸ்டெல்லா மற்றக் கட்டுகளையும் பிரித்தார்.

இதே மென்பொருளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: திரையை விடுங்கள், கழித்த பட்டியலைக் கேளுங்கள். புத்தகத்தைக் கையில் எடுத்து ஓரத்தைப் பாருங்கள். படிக்கிறவர்களோடு அரை மணி நேரம் உட்காருங்கள். அந்தப் பட்டியலை ஒரு மாதம் வாசலில் ஒட்டாமல் ஒரு புத்தகமும் வெளியே போகக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதும்வரை நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை.

ஒரு மணிக்கு நூலகத்தைப் பூட்டிவிட்டு மூவரும் வெளியே வந்தோம். “வா, இப்பவே செல்வத்துக்கிட்ட போவோம். கட்டிப் போட்டது நான்தான்னு நானே சொல்லுதேன். அவனும் வந்து எஸ்.ஐ. பரீட்சைக்கு அப்ளிகேஷன் போடட்டும்” என்றார் ஸ்டெல்லா.

முத்துராஜ் வண்டிச் சாவியைக் கையில் வைத்தபடியே நின்றார்.

“அதுக்கு நேத்தோட தேதி முடிஞ்சு போச்சுக்கா.”