யானைக்குப் போன தலைப்பொங்கல் கரும்பு

மூன்று வருடங்களுக்கு முன், போகிக்கு முதல் நாள், முதுமலைக் காட்டில் நடந்தது இது. திண்டிவனத்திலிருந்து எங்கள் பேத்தியை மசினகுடியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்கு அது தலைப்பொங்கல். வரிசை கொண்டுபோக வேண்டிய என் மகன் காலை முறித்துக்கொண்டு படுத்திருந்ததால், நானும் என் மனைவியும் வாடகைக் காரில் கிளம்பினோம்.

வரிசை விஷயத்தில் எனக்கு ஒரு பயம் இருந்தது. கல்யாணத்தன்று எங்கள் சீர்த்தட்டுகளை மாப்பிள்ளையின் அத்தை விரல் விட்டு எண்ணி, "பத்தொம்பதுதான் இருக்குது, இருபத்தொண்ணுன்னு சொன்னாங்களே" என்று சபையில் கேட்டுவிட்டார். பேத்தி மணமேடையில் தலை குனிந்தாள். இன்னொரு தடவை அவள் அப்படி நிற்கக் கூடாது என்று பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். கரும்பு, கட்டுக்கு இருபது என்றார்கள். எண்ணினால் ஒன்று குறைந்தது. திரும்பிப் போய் வாங்கி வந்தேன்.

டிரைவர் வளவனூர்க்காரர், நடு வயது. "ஐயா, ரெண்டா வெட்டி டிக்கியில போட்டுக்கலாம். மேல கட்டினா ஆடிக்கினே வரும், பேஜாரு" என்றார்.

தலைப்பொங்கலுக்கு வெட்டின கரும்பா? தோகையோடு முழுசாகத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். காரின் மேலிருந்த கம்பிச் சட்டத்தை நம்பாமல், நைலான் கயிற்றைக் கரும்புக் கட்டோடு சேர்த்துக் கூரையைச் சுற்றி, பின்கதவு இடுக்குகள் வழியாக உள்ளே இழுத்து, எங்கள் தலைக்கு மேலே ஏழு முடிச்சுப் போட்டேன்.

தெப்பக்காட்டில் காட்டைச் சுற்றிப் பார்க்க மாப்பிள்ளை எங்களுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். காரை நிறுத்திவிட்டு சஃபாரி வண்டியில் ஏறினோம். யானை எதிரில் வந்தால் சத்தம் போடாதீர்கள், இறங்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். மான் நாற்பத்து மூன்று, மயில் ஆறு, காட்டெருமை இரண்டு. ஒரு மரத்தில் கருங்குரங்கு. யானையும் புலியும் சைபர். இவ்வளவு தூரம் வந்து ஒரு யானைகூட இல்லையே என்று இறங்கும்வரை புலம்பினேன்.

"நீங்க டிக்கெட் எடுத்தது யானைக்குத் தெரியாதுங்க" என்றாள் என் மனைவி. வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பிறகு எங்கள் காரில் மசினகுடி சாலையில் போனோம். வெயில் தாழ்ந்திருந்தது. ஒரு வளைவு திரும்பியதும் சாலையோரத்தில் ஒரு பெண் யானையும் குட்டியும் நின்றன. டிரைவர் வண்டியை நிறுத்தினார். பின்னால் வளைவு, வேகமாகப் பின்வாங்க வழியில்லை. யானை தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை மோந்தது. அவசரமே இல்லாமல் எங்களை நோக்கி நடந்து வந்தது.

முதலில் தோகை சரசரத்தது. பிறகு கூரை முனகியது. உருவ வராத கரும்பை யானை கட்டோடு இழுத்தது. கட்டு கயிற்றை இழுத்தது. கயிறு காரை இழுத்தது. என் பக்கத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்பியதை உணர்ந்தேன். யானை நின்றது என் மனைவியின் பக்கம். அவள் முகத்துக்கும் அதன் காலுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிதான்.

டிரைவர் திரும்பாமலே கிசுகிசுத்தார்: "ஐயா, கயித்த அவுத்து வுடுங்க. ஜல்தி."

"இருபதும் போயிடுமேப்பா" என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

"போவட்டும்" என்றாள் என் மனைவி. "நான் இந்தப் பக்கம் உக்காந்துகினு இருக்கேன். என்னைப் பாருங்க."

பார்த்தேன். பிறகுதான் முடிச்சில் கை வைத்தேன். முதல் மூன்று சுலபமாக வந்தன. நான்காவது இழுவிசையில் இறுகிக் கல்லாக இருந்தது. பல்லால் கடித்தேன். கார் இன்னும் சாய்ந்தது. மடியிலிருந்த வெல்லப் பை உருண்டு அவள் காலடியில் விழுந்தது. ஆறாவது முடிச்சில் என் நகம் ஒன்று பெயர்ந்தது, வலி தெரியவில்லை. ஏழாவது தானாகவே உருவிக்கொண்டு போயிற்று.

கார் தொப்பென்று தரையில் இறங்கியது. யானை கட்டைச் சாலையோரம் இழுத்துப் போட்டு, ஒரு கரும்பைக் காலால் மிதித்து முறித்தது. குட்டி தோகையை வைத்து விளையாடியது. டிரைவர் ஓசையில்லாமல் வண்டியை நகர்த்தினார். 

பேத்தி வீட்டு வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள், அந்த அத்தையும். நசுங்கின கூரையைப் பார்த்தார். கதவில் தொங்கின கயிற்றைப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் டிரைவரே சொல்லிவிட்டார்: "வரிசையில கரும்ப மட்டும் யானை வழியிலயே வாங்கிக்கிச்சிம்மா."

அத்தை என்னைக் கேட்டார்: "எத்தனை கரும்பு?"

"இருபதுங்க."

"வண்டியில ஏறினது எத்தனை பேரு?"

"மூணு பேர்."

எங்களை ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினார். "மூணு. சரியா இருக்குது. உள்ள வாங்க" என்றார். பேத்தி என் விரலில் இருந்த ரத்தத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். மஞ்சள் அரைத்துப் பூசியதும் அந்த அத்தைதான். பொங்கலன்று பக்கத்து வீட்டில் வாங்கிய இரண்டு கரும்பைச் சாத்திப் பானை வைத்தார்கள். பேத்தி தலை நிமிர்ந்துதான் நின்றாள்.

இப்போதும் வருடா வருடம் கரும்பு போகிறது, துண்டு போட்டு, டிக்கிக்குள். எதையும் எண்ணும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் எதைக் கட்டினாலும் என் கை சட்டென்று அவிழ்க்கக்கூடிய ஒரு முடிச்சுக்கு மேல் போடுவதில்லை.